பெரியவருக்கு வைத்த தீனி

அந்த மீனைக் கொன்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பதறாதீர்கள். கொல்வது எனக்குத் தொழில். பூச்சிமருந்து அடிக்கிறவன், மருந்து கலந்த தீனி வைக்கிறவன் நான். கரப்பான், மூட்டைப்பூச்சி, கறையான் என்று இருபது வருஷமாக என் கையால் போன உயிர்களுக்குக் கணக்கே கிடையாது. வெளியே நான் எமன். வீட்டுக்குள் என் கை ஓங்கியதாகச் சரித்திரமே இல்லை.

மீன் என் மாமனாருடையது. உள்ளங்கை அகலம், கறுப்பு உடம்பு, எதையோ மறுத்துச் சொல்லப் போகிற மாதிரி ஒரு வாய். படுத்த படுக்கையாக எங்களிடம் வந்தபோது தொட்டியோடு வந்தார். ஆறு மாசத்துக்கு முன்னால் கண்ணை மூடியபோது அதை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து மீனுக்குப் பெரியவர் என்று பெயர். வைத்தவள் என் மனைவி.

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதும் நின்றுபோனது. சண்டையெல்லாம் இல்லை. "சாப்பாடு மேஜைல இருக்கு." "லைட்டை அணைங்க." மற்ற எல்லாவற்றுக்கும் "ம்". ஆனால் தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் பேச்சு மழையாகக் கொட்டும்.

"பெரியவரே, சாப்பிட்டீங்களா? ஏன் இன்னிக்கு முகம் வாடியிருக்கு?"

மீனின் முகம் வாடியது தெரிகிறது. நான் காய்ச்சலில் கூடத்தில் சுருண்டு கிடந்த அன்று, "கொஞ்சம் நகர்ந்து படுங்க, பெரியவருக்குத் தண்ணி மாத்தணும்" என்றாள்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பேச்சில்லாத வீட்டுக்குத் தினமும் வேலை முடிந்து வந்து பாருங்கள், தெரியும். செருப்பைக் கழற்றும்போதே நெஞ்சு கனக்கும். எனக்கு என் பெண்டாட்டியின் குரல் வேண்டும். திட்டினால்கூடப் போதும். மீன் இல்லையென்றால் வேறு நாதியில்லாமல் என்னிடம்தானே பேசியாக வேண்டும்?

கொல்வதற்கு வழி என் தொழிலிலேயே இருந்தது. வீட்டுக்குப் புகை மருந்து வைக்கும்போது மீன் வளர்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்வார்கள். தொட்டிக்கு ஈரத்துண்டு போர்த்தி, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, சுற்றி டேப்பும் ஒட்டுவார்கள். காற்று மோட்டாரை நிறுத்த மறந்துவிடுவார்கள். மோட்டார் தொட்டிக்கு வெளியே இருக்கிறது. அறையில் உள்ள காற்றைத்தான் இழுத்துத் தண்ணீரில் விடும். அறை முழுக்க மருந்துப் புகை என்றால் அதுதான் உள்ளே போகும். "முதல்ல மோட்டாரை நிறுத்துங்க!" என்று வீடு வீடாகக் கத்துகிறவன் நான்.

என் வீட்டில் கத்தப் போவதில்லை. அவ்வளவுதான் திட்டம்.

ஒரே சிக்கல், எங்கள் வீட்டில் பூச்சி இல்லை. வேலைக்குப் போன ஒரு ஹோட்டல் சமையலறையில் நல்ல கொழுத்த கரப்பான்களாகப் பார்த்து உயிரோடு பிடித்து டிபன் டப்பாவில் கொண்டுவந்து அலமாரிக்குப் பின்னால் விட்டேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான். என் கையில் அகப்பட்டு உயிர் பிழைத்த கரப்பான்கள் உலகத்திலேயே அவை மட்டும்தான்.

மறுவாரமே மனைவி சொன்னாள். "கரப்பான் ஓடுது."

இரண்டே வார்த்தைதான். ஆனாலும் என்னிடம் சொன்னாள்! குதூகலத்தில் புகை வைக்க நாள் குறித்தேன். முந்தின நாள், யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று, பெரியவருக்கு ஒரு டப்பா தீனியும் வாங்கி வந்தேன். வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று காலை நான் மருந்து டப்பாக்களோடு கூடத்துக்கு வந்தபோது தொட்டிக்கு ஈரத்துண்டு போர்த்தியாகிவிட்டது.

"பெரியவர் பயப்படுவார்னு நானே மூடிட்டேன். ஷீட்டை நீங்க ஒட்டுங்க."

"நானா?"

"ஊருக்கெல்லாம் ஒட்டறது நீங்கதானே?"

ஒட்டினேன். துண்டை விலக்கிப் பார்க்கவில்லை. சாகப் போகிறவர் முகத்தைப் பார்ப்பானேன்? பக்கத்தில் மோட்டார் கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"வேற ஏதாவது செய்யணுமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இருபது வருஷ அனுபவம்மா எனக்கு."

"ம்."

புகையைக் கிளப்பிவிட்டு, கதவைச் சாத்தி, இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்தோம். கீழ்வீட்டு டெய்லர் அக்கா தலையை நீட்டினாள்.

"ஏன் தம்பி, ஊரு பூச்சியெல்லாம் உங்களைக் கண்டா ஓடுதாம். உங்க வீட்டுலயே கரப்பானா?"

"அடைக்கலம் கேட்டு வந்திருக்கும்க்கா."

டெய்லர் அக்கா என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி படியைப் பார்த்தாள். அக்கா உள்ளே போனதும், ஆறு மாசமாக நான் ஏங்கிக்கொண்டிருந்த குரல் தானாகவே வந்தது.

"கடைசியில அப்பா வாயே திறக்க மாட்டேன்னாரு, ஞாபகம் இருக்கா? டாக்டர்கூட டியூப் போடலாம்னாரு."

"ம்," என்றேன். இந்தத் தடவை 'ம்' என் முறை.

"கட்டிலைத் தொட்டிப் பக்கமாத் திருப்பிப் போட்டேன். மீன் வாயைத் திறந்து திறந்து மூடுமில்ல, அதையே பார்ப்பாரு. பார்த்துப் பார்த்து அவரும் திறப்பாரு. அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்பூன் ஊட்டிடுவேன். அப்படித்தாங்க அவரை அத்தனை நாள் வச்சிருந்தேன். இப்பவும் அது வாயைத் திறந்தா என் கை ஸ்பூனைத் தேடுது."

கதவிடுக்கில் புகை நூலாகக் கசிந்தது. உள்ளே மோட்டார் ஓடுகிறது. நான் ஓட வைத்த மோட்டார். பாவி, என் பெண்டாட்டியின் அப்பாவை இரண்டாவது தடவை சாகடித்துக்கொண்டிருக்கிறேன்.

"எங்க போறீங்க?"

முகமூடி வண்டியில் இருந்தது. எடுக்க நேரமில்லை. சட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். கண் எரிந்தது. தொண்டை எரிந்தது. தடவித் தடவி மோட்டார் வயரைப் பிடுங்கினேன். ஷீட்டைக் கிழித்தேன். துண்டை இழுத்தேன்.

மீனைக் காணோம்!

கையை விட்டுத் துழாவினேன். கூழாங்கல்தான் அகப்பட்டது. கரைந்தேவிட்டதா? என் மருந்து கரப்பானைக்கூட இப்படிக் கரைத்ததில்லையே! "பெரியவரே!" என்று கத்தினேன். மாமனார் உயிரோடு இருந்தபோதுகூட அவரை அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

தவழ்ந்துதான் வெளியே வந்தேன். படியில் டெய்லர் அக்கா ஒரு வாளியோடு நின்றாள்.

"தம்பி, இதையா தேடினீங்க?"

வாளிக்குள் பெரியவர் வாயைத் திறந்து மூடினார். நானும் திறந்து மூடினேன். இருமல்தான் வந்தது.

"நேத்தே அக்கா வீட்டுல விட்டுட்டேன்," என்றாள் என் மனைவி.

"எப்படி... தெரியும்?"

"டிபன் டப்பா மூடியில ஓட்டை. சாதத்துக்கு எதுக்குங்க மூச்சு?"

என் முகத்தில் ஈயாடவில்லை. ஆடியிருந்தாலும் புகையில் செத்திருக்கும்.

"அப்புறம் அந்தத் தீனி. இத்தனை நாள்ல ஒரு தடவை வாங்கியிருக்கீங்களா? கொல்றதுக்கு முன்னாடி தீனி வைக்கறதுதானே உங்க தொழிலே? மோட்டார் விஷயத்தை வேற சாப்பிடும்போதெல்லாம் ஒப்பிச்சிருக்கீங்க. நீங்க நிறுத்தறீங்களான்னு பார்க்கத்தான் வெறும் தொட்டியில ஓடவிட்டேன். கேட்டும் பார்த்தேன். ரெண்டு தடவை."

நுணலும் தன் வாயால் கெடும். நான் சாப்பிடுகிற வாயாலேயே கெட்டேன்.

"அப்போ... அப்பா, ஸ்பூன்... அதெல்லாம்?"

"அது நிஜம்," என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. "நேரம் பார்த்துச் சொன்னேன்."

எனக்கும் தீனி வைத்திருக்கிறாள். நான் ஓடிப்போய்ச் சாப்பிட்டிருக்கிறேன்.

புகை வெளியேறியதும் ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்து, தொட்டித் தண்ணீரைக் கொட்டி, கல் கல்லாகத் தேய்த்துக் கழுவினேன். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்து வீங்கியிருந்தன. கட்டளைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. "இன்னும் தேய்ங்க." "அந்த மூலையில." "ட்யூபை மாத்துங்க." ஆறு மாசத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. சொன்னால் வெட்கக்கேடு, சந்தோஷமாகவே தேய்த்தேன்.

கடைசியில் பெரியவரைத் தன் கையாலேயே தொட்டியில் இறக்கினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தாள். ஆசையாகப் போய் உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியோடு நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு மீனிடம் சொன்னாள்:

"பார்த்தீங்களா பெரியவரே, இருபது வருஷமா கொல்றதே தொழிலு, ஒரு மீனைக் கொல்லத் துப்பில்லை இந்த மனுஷனுக்கு."