நீங்கள் கேட்டு வாங்கித்தந்த வேலையை நான் வேண்டாம் என்றது பற்றி

இக்காஸ்ட்,
2025 நவம்பர் 6, வியாழக்கிழமை, காலை 6 மணி 10 நிமிடம்.
நீங்கள் என்னோடு கதையாமல் விட்டு இன்றோடு பதினான்கு நாள். நான் எடுத்த அழைப்புகள் முப்பத்தொன்று. நீங்கள் தூக்கியது பூச்சியம்.

அன்பும் மரியாதையும் உரித்தான பஸ்தியாம்பிள்ளை மாமாவுக்கு,

உங்கள் அக்கா றோஸின் ஒரே மகன் ஜெரோசன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள் நலம் என்று மாக்கிரட் மாமி சொல்லித்தான் தெரியும். டெனிஷில் எழுதினால் கொம்யூன் நகரசபையிலிருந்து வந்த கடிதம் என்று நினைத்துத் திறக்காமலே அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவீர்கள். அதனால் தமிழில், கையால் எழுதுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நீங்கள் என்னோடு கதைக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் விளக்கம்.

முதலில் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் கோயில் மண்டபத்தில் இதற்குள் நாலு விதமாகக் கதை போகிறது. யூன் மாதம் ஓடர் குறைந்தது என்று நாங்கள் இருவரும் நின்ற கம்பனி ஆட்களை நிறுத்தியது. கடைசியாகச் சேர்ந்தவன் நான், முதலில் போனதும் நான். அதில் எனக்குக் கோபமில்லை. மெத்தைப் போர்வையைக் கோடையில் யார் வாங்குகிறார்கள்? அன்றிலிருந்து ஏ-காஸ தருகிற வேலையில்லாக் காலப் பணத்தில் இருக்கிறேன். சும்மா இருக்கவில்லை. கிழமைக்கு இரண்டு விண்ணப்பம் போட்டு, போட்டதை அவர்களுடைய இணையப் பக்கத்தில் பதிந்து, அதை ஒருத்தி வாசித்து, "நல்ல முயற்சி" என்று எழுதுவதும் ஒரு வேலைதான், சம்பளம் மட்டும் இல்லை. இப்படி இருக்கும்போது ஒக்ரோபர் 17ஆம் திகதி வெள்ளிக்கிழமை நீங்கள் ஐஸ்கிறீம் வாளி நிறைய மீன் றோல்ஸோடு எனக்கு வேலை கேட்டு ஹென்னிங்கின் அறைக்குள் போயிருக்கிறீர்கள். இருபத்தாறு வருஷம் அந்தத் தொழிற்சாலையில் நின்ற நீங்கள் முதலாளியின் அறைக் கதவைத் தட்டியது அதுதான் முதல்முறையாம். ஹென்னிங்தான் சொன்னார். ஏழு றோல்ஸ் சாப்பிட்டாராம். எட்டாவதுக்குக் கை போகும்போது உங்கள் மிளகாய்ச் சோஸ் வேலைசெய்யத் தொடங்கி, பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாராம். நீங்கள் அதை "ஓம்" என்று எடுத்துக்கொண்டு கைகொடுத்துவிட்டு வந்துவிட்டீர்கள்.

மாமா, எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் ஒருவருக்காக ஒருவர் போய்ச் சொல்லிவைப்பது வழக்கம் என்று எனக்குத் தெரியும். சரிவந்தால் சந்தோஷம், சரிவராவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. இங்கே அப்படியில்லை. ஹென்னிங் மின்னஞ்சலில் திகதி, சம்பளம், பதவிப் பெயர் எல்லாம் போட்டு எழுத்தில் அனுப்பிவிட்டார். எழுத்தில் வந்தால் அது முறையான வேலை அழைப்பு. முறையான அழைப்பைக் காரணமில்லாமல் மறுத்தால் மூன்று கிழமைக்குப் பணம் நிற்கும். நீங்கள் அன்பாகக் கொண்டுபோன றோல்ஸ் வாளி என் கோப்புக்குள் ஓர் ஆவணமாக வந்து இறங்கிவிட்டது.

22ஆம் திகதி ஹென்னிங்கைப் போய்ப் பார்த்தேன். பத்து நிமிடம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாள் உங்களுக்குத் தெரிந்தது. அதற்கடுத்த ஞாயிறு உங்கள் வீட்டு மேசையில் நடந்ததை நான் மறக்கவில்லை.

"மாக்கிரட், அவருக்குக் கறி காணுமோ எண்டு கேள்" என்றீர்கள். நான் உங்களுக்கு நேர் முன்னால் இருக்கிறேன். பதின்மூன்று வயதில் இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து "டேய்" என்று மட்டுமே கூப்பிட்ட என்னை "அவர்" ஆக்கிவிட்டீர்கள்.

"ஏன், உங்களுக்கு வாயில்லையே?" என்றா மாமி.

"அவர் வேலை வேண்டாமெண்டு சொல்லுற அளவுக்குப் பெரிய மனுசர். எங்கட வீட்டுச் சோறு அவருக்குச் சரிவருமோ தெரியாது. கத்தி, முள்ளுக்கரண்டி எடுத்துக் குடு."

கொடுத்தா. நான் மரியாதைக்கு அதால்தான் சாப்பிட்டேன். கணவாய்க் கறியை முள்ளுக்கரண்டியால் சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு துண்டு பறந்து மாதா படத்துக்குக் கீழே விழுந்தபோதுகூட நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் பெரிது என்று எனக்கு விளங்கியது.

ஏ-காஸவில் விசாரணை வேறு. வேலை ஏதும் மறுத்தீரா என்று படிவத்தில் ஒரு கேள்வி. ஆம் என்று போட்டேன். நான் பொய் எழுதுகிறவன் இல்லை. அரைமணி நேரத்தில் அந்தப் பெண் அழைத்தாள். நல்ல மனுசி. என்னைக் காப்பாற்ற எவ்வளவோ பாடுபட்டாள்.

"வேலையிடம் தூரமோ?"

"சைக்கிளில பதினொரு நிமிசம்."

"உடம்புக்கு ஏதும் ஏலாதோ?"

"இல்லை."

"அங்க ஆரும் உம்மை மரியாதையில்லாமல் நடத்தினவையோ?"

"இல்லை. போன பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினவை."

பிறகு மெதுவாக, "ஏதாவது ஒரு காரணம் சொல்லுமன், நான் அந்தப் பெட்டியில போடுறன்" என்றாள். சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் இல்லை என்றேன். பெருமூச்சு விட்டது போனுக்குள்ளால் கேட்டது. மூன்று கிழமை.

சொல்ல முடியாத காரணம் இருந்தால் பொய் சொல்ல வேண்டிவரும், எனக்கு அதில் பயிற்சி போதாது. அம்மா கேட்டபோது இரவு வேலை ஒத்துவராது என்றேன். நான் விடியும்வரை கம்ப்யூட்டரில் இருப்பது தெரிந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தா. மாமி கேட்டபோது, விபோர்க்கில் வேறு வேலை கிடைத்துவிட்டது என்று அவசரத்தில் சொல்லிவிட்டேன். "என்ன கம்பனி மோனை?" என்றா. நான் அப்போது உங்கள் குசினியில் நிற்கிறேன், கண்ணில் பட்டதைச் சொன்னேன். "பிரிட்ஜ் கம்பனி." மாமி அதைச் சந்தோஷத்தில் கோயில் மண்டபத்துத் தவமணி அன்ரிக்குச் சொல்ல, அன்ரி அன்றிரவே எனக்கு அழைத்து, ஆட்டிறைச்சி மொத்தமாக வாங்கி வைக்கிற அளவுக்கு ஒரு பெரிய டீப் பிரீசர் கழிவு விலையில் எடுத்துத் தரமுடியுமா, கதவு இடப்பக்கம் திறக்க வேண்டும் என்றா. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நேற்று அளவு அனுப்பியிருக்கிறா. ஆகவே மாமா, எனக்கு இப்போது இல்லாத கம்பனியில் ஒரு வேலை, அதில் ஒரு வாடிக்கையாளர்.

இனி உண்மை. ஹென்னிங் புத்தாண்டுவரை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தார். மன்னிக்கட்டும்.

நான் போனதும் மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். மூன்றாம் லைன். பெட்டி வந்து இறங்குகிற கடைசி இடம். தூணுக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு மீற்றர் நாற்பது. அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் நாலு துளை குறித்திருந்தது, பெட்டி அடுக்குகிற ரோபோவின் காலை நிலத்தோடு சேர்த்து இறுக்குவதற்கு. நான் வரைபடம் வாசிக்கப் படித்தவன். வாசித்தேன். அது நீங்கள் நிற்கிற இடம். அந்த நாலு துளையும் உங்கள் இரண்டு சப்பாத்துக்கும் கீழே வருகிறது.

"உமக்கு அந்த லைன் முழுக்கத் தெரியும்தானே? நீர்தான் ரோபோவைப் பொருத்திப் பூட்டி, ஓட்டி, பிறகும் பாத்துக்கொள்ள வேணும்" என்றார் ஹென்னிங்.

"அப்ப என்ர மாமா?"

"அதைப் பற்றி நான் உம்மோட கதைக்கேலாது" என்று சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே ஒரு பாரவண்டி ரிவேர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்தார். ஒரு மனிதன் எப்போது பாரவண்டியை அவ்வளவு கவனமாகப் பார்ப்பான்? எனக்கு விளங்கிவிட்டது. வேண்டாம் என்று எழும்பினேன்.

அந்த ரோபோ மணிக்கு நானூறு பெட்டி அடுக்கும். நீங்கள் நூற்றுத் தொண்ணூறு, நான் எண்ணியிருக்கிறேன். அது சுகவீன லீவு எடுக்காது. நீங்களும்தான் எடுப்பதில்லை. அது கிழிந்த பெட்டியையும் கிழியாத பெட்டியையும் ஒரேமாதிரித் தூக்கும், நீங்கள் கிழிந்ததை ஒதுக்கிவைத்து ஒட்டி அனுப்புவீர்கள். நான் மறுத்ததால் அது வராமல் போகாது, ஆர்கூஸிலிருந்து வேறொருவன் வந்து பூட்டுவான் என்பதும் தெரியும். கணக்குப்படி என் முடிவு முழுப் பிழை. ஆனால் நான் அங்கே முழங்காலில் நின்று ஆணி இறுக்க, நீங்கள் பக்கத்தில் வந்து, "டேய், தேத்தண்ணி குடிச்சிட்டுச் செய்யன்" என்று கோப்பையை நீட்டுவீர்கள் பாருங்கள், அதை வாங்கிக் குடிக்க என்னால் முடியாது. ஏ-காஸவின் படிவத்தில் அதற்கு ஒரு பெட்டி இல்லை.

கோபம் இருந்தால் என் மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஹென்னிங்குக்கு முன்னால் உங்கள் சொல் கீழே விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் வேலை போகாமலிருக்க என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒன்றும் வரவில்லை.

மாமிக்கு என் அன்பு. உங்கள் இருவரையும், உங்கள் வீட்டு அடுப்பையும், இந்தக் குளிரிலும் கிளம்புகிற உங்கள் பழைய காரையும் மடு மாதா ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படியாத, ஆனால் உங்கள் மருமகன்,
ஜெரோசன்

பின்குறிப்பு: காலை 8 மணி 5 நிமிடம். மேலே எழுதியது எல்லாம் பிழை.

கடித உறையை ஒட்டும்போது மாமி அழைத்தா. நீங்கள் வேலைக்குப் போனபிறகு ஒளித்து எடுத்த அழைப்பு. "மோனை, ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு. ஏன் அந்த வேலையை வேண்டாமெண்டனி?" என்றா. எனக்குக் களைத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். மாமி சிரித்தா. பிறகு அழுதா. பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தா.

"எட விசரா, மாமாவுக்கு அது ஓகஸ்ட்டிலயே தெரியும். ஹென்னிங் முதல் சொன்னதே அவருக்குத்தான். அவற்ற இடுப்பு நாரி போய் ரெண்டு வருசம், பெல்ட் கட்டிக்கொண்டுதான் போறவர். பென்சனும் சரிவந்திட்டுது, மார்ச்சோட நிப்பாட்டுறார். நத்தார் பண்டிகைக்கு எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுவமெண்டு வாயைத் திறக்கவிடாமல் என்னை வச்சிருக்கிறார். றோல்ஸ் கொண்டுபோனது வேற ஆரும் வரமுதல் உன்னைப் போடச்சொல்லி. ‘ஆரோ ஒருத்தன் வந்து என்ர இடத்தில பூட்டுறதிலும் பாக்க எங்கட பொடியன் பூட்டட்டும்’ எண்டவர். நீ அதை வேண்டாமெண்டிட்டாய் எண்டுதான் மனுசன் பதினாலு நாளா நித்திரையில்லை."

ஹென்னிங் என்ன மனிதர் மாமா! உங்கள் இரகசியத்தை ஒரு பொக்கற்றிலும் என்னுடையதை மற்றப் பொக்கற்றிலும் வைத்துக்கொண்டு பாரவண்டி பார்த்திருக்கிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற நாட்டில் இருப்பது சில நேரம் பெரிய தொல்லை.

இந்தக் கடிதத்தைக் கிழிக்கப்போவதில்லை, இரண்டு மணித்தியாலம் எழுதினேன். இனிச் செய்யப்போவது:

1. எட்டரைக்கு ஹென்னிங்குக்கு அழைப்பேன். இடம் இருந்தால் வருகிறேன் என்பேன். இல்லையென்றால் இன்னொரு வாளி றோல்ஸ் வரும் என்று வெருட்டுவேன்.

2. ஏ-காஸப் பெண்ணுக்குக் காரணத்தைச் சொல்வேன். அவளுக்காவது நிம்மதி கிடைக்கட்டும். மூன்று கிழமை தண்டனை இருந்துவிட்டுப் போகட்டும், நான் செய்ததற்கு அது காணாது.

3. தவமணி அன்ரிக்கு உண்மையைச் சொல்வேன். இது நாளைக்கு.

4. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு மணிக்கு உங்கள் ஷிப்ட் முடிய, வாசலில் என் காரோடு நிற்பேன். உங்கள் கார் அங்கேயே நிற்கட்டும். முன் இருக்கையைப் பின்னால் சாய்த்து, நாரிக்கு ஒரு தலையணை வைத்திருப்பேன். சாப்பாட்டுப் பையை நான் தூக்குவேன், அதற்கு வாய் காட்டக் கூடாது.

5. ஏறியதும் நீங்கள் என்னைத் திட்டத் தொடங்கலாம். வீட்டுக்கு எட்டு நிமிட ஓட்டம்தான். அதற்குள் முடியாவிட்டால் சொல்லுங்கள், பக்கத்து ஊர் ஹேர்னிங் சுற்றிப் போவோம். பெற்றோல் நிரப்பி வைத்திருக்கிறேன்.