உடையாத கொட்டாங்குச்சி

நான் குடிகாரன். இதைக் கௌரவமாகச் சொல்ல வேறு சொல் இருக்கலாம். எனக்கு வேண்டாம். குடித்தேன், பெண்டாட்டியை அடித்தேன், அவள் கை முறிந்தது. மற்றக் குடிகாரர்களைக் கேட்டால் இந்த இடத்தில் "என்னமோ ஆகிப்போச்சு" என்பார்கள். தானாக ஒன்றும் ஆகவில்லை. நான்தான் முறித்தேன்.

அப்போது மலாயாவில், ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தேன். விடியலில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுக்க வேண்டும். மத்தியானம் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டுத் திரும்பினால் எதிரே கள்ளுக்கடை. துரையின் நிலம், துரையின் அனுமதி. ஆஸ்பத்திரிக்கு நாலு மைல் நடக்க வேண்டும். கள்ளுக்கு நாற்பது எட்டு வைத்தால் போதும்.

கை முறிந்த மறுநாள் அஞ்சலை எங்கள் மூன்று வயது மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஈப்போவில் மாட்டுவண்டி ஓட்டும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மச்சான் சொல்லி அனுப்பினார்: நாலு பேர் முன்னால் கள்ளை விட்டேன் என்று சத்தியம் செய்தால் இருவரையும் திருப்பி அனுப்புவார். இல்லையென்றால் எனக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அந்த நாலு பேரை எங்கே தேடுவது? குடியை விட்டவர்கள் ஈப்போவில் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு இருந்தது. எங்கே, எப்போது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. தோட்டத்தில் ஊர் விவரம் எல்லாம் தெரிந்தவர் கள்ளுக்கடைக்காரர் ஒருவர்தான். அவரிடமே போய்க் கேட்டேன். (சிரிக்காதீர்கள். வேறு யாரைக் கேட்பேன்?)

"ஞாயித்துக்கெழம மத்தியானம், மார்க்கெட்டுக்குப் பின்னால, அரிசிக் கிடங்கு மாடி," என்றார் யோசிக்காமல். "குடிக்கிற கொட்டாங்குச்சியக் கையோட கொண்டுபோ. அங்க போட்டு ஒடைக்கணும்லா. ஒடச்சிட்டு வா, புதுசு தாரேன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. நாலு நாளும் குடிக்கவில்லை. சீவும் உளி பட்டையைத் தாண்டி மரத்தையே வெட்டியது. கங்காணி என் அம்மாவையும் சேர்த்துத் திட்டினான். அப்போதும் குடிக்கவில்லை.

மாடியில் பத்துப் பதினைந்து பேர் கோணியில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஆரோக்கியம் என்ற பள்ளிக்கூட வாத்தியார். அவரும் ஒரு காலத்தில் சாக்கடையில் கிடந்தவர்தான். ஒவ்வொருவனாக எழுந்து, கள்ளைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று சொன்னான். ஒருவன் "காலையிலேருந்து" என்றான். அதற்கும் கை தட்டினார்கள். எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று.

நான் சொல்லி அனுப்பியிருந்தபடி சுவரோரம் அஞ்சலை வந்திருந்தாள். கையில் கட்டு, மடியில் மகள், பக்கத்தில் மச்சான்.

புதிதாக வருபவன் தான் குடித்த பாத்திரத்தை எல்லார் முன்னாலும் போட்டு உடைக்க வேண்டும். பிறகுதான் கற்பூரம் அணைத்துச் சத்தியம். எனக்கு முன்னால் ஒரு டவுன்காரன் மண் குவளையைப் போட்டான். ஒரே சத்தம், தூள்.

என்னுடையது தோட்டத்துச் சாமான். ஆறு வருஷம் கள்ளில் ஊறிக் கல்லாகிப்போன கொட்டாங்குச்சி. ஓங்கிப் போட்டேன். துள்ளி என் முழங்காலில் அடித்தது. மறுபடி போட்டேன். உருண்டு வாத்தியார் நாற்காலிக்கு அடியில் போயிற்று. அவர் குனிந்து எடுத்து, பாடப் புத்தகத்தைத் தருவதுபோல் மரியாதையாகக் கொடுத்தார். கவிழ்த்துப் போட்டு மிதித்தேன். என் குதிகால்தான் விண்டுபோயிற்று. ஒற்றைக்காலில் நொண்டினேன். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என் மகளும் கை தட்டிச் சிரித்தாள்.

"சுத்தியல் கொண்டாங்கடா!" என்றான் ஒருவன்.

"ஆன வேணும்லா இதுக்கு!" என்றான் இன்னொருவன்.

மச்சான் சிரிக்கவில்லை. "பொம்பள கை ஒரே அடியில ஒடயுது, கொட்டாங்குச்சி ஒடயமாட்டேங்குதே மாப்ளே," என்றார்.

நான் நேராகப் போய் அவர் கன்னத்தில் அறைந்தேன்.

சிரிப்பு நின்றது. மகள் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அஞ்சலை எழுந்து என் முகத்துக்கு நேரே வந்து மூச்சை இழுத்தாள். நாய் மோப்பம் பிடிப்பதுபோல் இரண்டு முறை.

"வாயி நாறலண்ணே," என்றாள். "இத்தன நாளா கள்ளுதான் அடிக்குதுன்னு நெனச்சேன். இவருதான் அடிக்கிறாரு. வா, போலாம்."

மூவரும் படியிறங்கிப் போனார்கள். எனக்காக ஏற்றிய கற்பூரம் யாரும் கை வைக்காமல் எரிந்து தீர்ந்தது. "ஒக்காருங்க தம்பி," என்றார் வாத்தியார். "அடுத்த ஞாயிறும் வாங்க."

போனேன். பல வருஷம் போனேன். நடுவில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன், எழுந்தேன். அஞ்சலை மட்டும் வரவில்லை. வராதது சரிதான்.

மகள் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள், விருந்தாளியாக. பந்தியில் மச்சான் வழக்கம்போல் ஆரம்பித்தார். எந்த விசேஷமானாலும் இந்தக் கதைதானாம். கொட்டாங்குச்சி துள்ளியது, உருண்டது, நான் நொண்டியது, எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். மாப்பிள்ளைக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன். "ஆன வேணும்லா" என்ற இடத்தோடு மச்சான் நிறுத்திக்கொண்டார். எப்போதும் அங்கேதான் நிறுத்துவாராம்.

சாம்பார் வாளியோடு நின்ற அஞ்சலை, "மீதியையும் சொல்லுண்ணே," என்றாள்.

மச்சான் இலையைப் பார்த்துக்கொண்டே, பாயசம் இன்னும் வரவில்லையா என்று கேட்டார்.