கார்த்திகைக்குக் கொண்டுபோன பால்

சாமிக்கென்று எடுத்து வைத்ததை முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நல்ல பழக்கம்தான். அதோடு வீட்டில் பெண்டாட்டி சொல்வதைக் காதில் வாங்குகிற பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

என் மனைவி செல்வி இலுப்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மகன் பிறந்த நாலாவது மாதமே வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பவுடர் பால் வேண்டாம், தாய்ப்பாலையே பீச்சி வைத்துவிட்டுப் போ என்று நர்சம்மா சொல்லியிருந்தார். கொதிநீரில் போட்டெடுத்த பாத்திரம், இறுக்கமான மூடி, ஃப்ரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இடம் முருகனுடையது. மாதாமாதம் கார்த்திகை அபிஷேகத்துக்கு நான் கொண்டுபோகிற பால் அங்கேதான் இருக்கும். (பக்கத்தில் முட்டை வைத்தால்கூட எனக்கு ஆகாது.)

ஒரு கார்த்திகைக்கு முந்தின நாள் சாயங்காலம் செல்வி சொன்னாளாம், சாமி பால் கதவுப் பக்கம் இருக்கிறது, உள்ளே வைக்கப்போவது பிள்ளைக்கு என்று. நான் விளக்கு முன்னால் கண்ணை மூடி முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தேன். தலையை வேறு ஆட்டினேனாம்.

காலையில் அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் குளித்து, பட்டையாக விபூதி பூசி, உள்ளே இருந்த செம்பை எடுத்தேன். திறந்தால் அரைச் செம்புகூட இல்லை. மேலே ஏடு மிதக்கிறது, அடியில் தண்ணீராக நீலம் பூத்து நிற்கிறது. வந்ததே கோபம். வழியில் பால்காரர் கருப்பையா அண்ணனை நிறுத்தி, சாமி பாலிலேயே தண்ணீரா என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். மனுஷன் பாவம், முழித்தார். கோயிலில் எல்லார் பாலோடும் அதையும் சேர்த்துக் குருக்கள் ஊற்ற, நான் உருகி உருகிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தால் மகன் அழுகிற சத்தம் தெருமுனைக்கே கேட்டது. எங்களோடு இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மாமியார் என் முன்னால் நின்று பேச மாட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"மாப்பிள்ளை, உள்ள இருந்த செம்பை எங்கிட்டாச்சும் எடுத்து வச்சீங்களா?"

"அது சாமிக்குங்க அத்தை."

"சாமிக்குக் கதவுல இருக்குங்க."

திறந்து பார்த்தேன். செம்பு நிறையக் கெட்டியான பசும்பால்.

ஆட்டோ பிடித்தேன். இலுப்பூர் வரை பையன் வாய் மூடவில்லை, மாமியார் வாய் திறக்கவில்லை. என் விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது.

கடைக்குப் பின்னால், துணிமூட்டைகளுக்கு நடுவே செல்வி அவனை மடியில் போட்டுக்கொண்டதும் அழுகை நின்றது. நான் சுவரைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் பால்தானே என்று வாய் தவறிச் சேர்த்தும்விட்டேன்.

"கொஞ்சமா? விடியுமுன்ன எந்திரிச்சு, கை வலிக்க வலிக்கப் பீச்சுனதுங்க அது."

எனக்குத் தலை நிமிரவில்லை. பக்கத்தில்தான் படுத்திருக்கிறேன். அவள் எழுந்ததுகூட எனக்குத் தெரியாது. அந்தப் பாலைத்தான் கொஞ்சம் என்றும் தண்ணீர் என்றும் ஊர் முன்னால் பேசியிருக்கிறேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளே சொன்னாள்: "முருகனுக்குப் பால் குடுக்க ஆறு பேரு இருந்தாங்க. எம்புள்ளைக்கு நான் ஒருத்திதானே இருக்கேன்."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியதில் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு செல்வியும் சிரித்ததால் பிழைத்தேன்.

கருப்பையா அண்ணனிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். என்னதான் ஆச்சு என்று கேட்டார். எதைச் சொல்வது? (இன்றுவரை கேட்கிறார்.)

மகன் இப்போது ஒன்றாம் வகுப்பு. கார்த்திகையன்று நான் செம்போடு வாசலில் இறங்கினால் போதும், மாமியார் உள்ளேயிருந்து அவனைத் தூண்டிவிடுவார். தெருவரைக்கும் ஓடி வந்து வேட்டியைப் பிடித்துக்கொள்வான்.

"அப்பா, அது என் பாலு இல்லையே?"

இல்லடா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னால்தான் வேட்டியை விடுவான்.