ஐந்து ஏரிகளும் ஒரு காலண்டரும்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நடுவில் ஆரம்பித்து முன்னால் ஓடி, விட்டதை எடுக்கப் பின்னால் வருவது என் வழக்கம். என் வீட்டுக்காரர் அப்போலினரி சொன்னால் இந்தக் கதை வேறு மாதிரி இருக்கும். அதில் நான் பெரிய சதிகாரி. அப்படியெல்லாம் இல்லை. நான் பயந்தவள். பயந்தவள் எதையும் முன்கூட்டியே விசாரித்து வைப்பாள். அவ்வளவுதான் நடந்தது.

அப்போலினரியை வீட்டில் போலெக் என்று கூப்பிடுவோம். தோருன் நகரத்தில் இருபத்தாறு வருடமாக டிராம் ஓட்டுகிறார். போன மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூப்பில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கரண்டியைக் கீழே வைத்தால் ஏதோ திட்டம் வருகிறது என்று அர்த்தம்.

"மார்செலா, நான் வாழ்க்கையில ஒரு தடவைகூட என் இஷ்டத்துக்கு வண்டியைத் திருப்பினதில்ல."

"டிராமைத் திருப்பினா கவுந்துடும் போலெக்."

"அதைத்தான் சொல்றேன். கேம்பர் வாடகைக்கு எடுக்கறோம். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள்ளயே. ஏழு நாள். மசூரியாவுல அஞ்சு ஏரி. பிடிச்சா நிப்போம், பிடிக்கலன்னா கிளம்பிடுவோம்."

"அங்க இன்டர்நெட் வருமா?" என்றாள் எங்கள் மகள் லிலியானா. பதினாறு வயது.

"காத்து வரும்" என்றார் அவள் அப்பா.

அதோடு முடிந்திருந்தால் நானும் பேசாமல் சூப்பைக் குடித்திருப்பேன். முடியவில்லை.

"பயணம் நல்லா அமைஞ்சுதுன்னா தோட்டத்தை வித்துட்டு சொந்தமாவே ஒரு கேம்பர் வாங்கிடலாம்."

ஊர் ஓரத்தில், மாடி வீட்டுக்காரர்களுக்குத் தோட்டம் போட நிலம் கொடுக்கிற தோட்டச் சங்கத்தில் எங்களுக்கு முந்நூறு சதுர மீட்டர் இருக்கிறது. ஆறு திராட்சைப்பழச் செடி, ஒரு பிளம் மரம், ஒரு மரக் குடிசை, ஒரு நாற்காலி. லிஃப்டுக்குப் பயந்து நான்கு மாடி ஏறி இறங்குகிற எனக்கு, தரையில் உட்கார்ந்து மூச்சுவிட இருக்கிற ஒரே இடம் அதுதான். செடி வைத்தது நான். தண்ணீர் ஊற்றியது நான். சங்கப் புத்தகத்தில் மட்டும் பெயர் அவருடையது.

நான் அழவில்லை. அழுதால் அவர் சமாதானம் சொல்வார், சொல்லிவிட்டு நினைத்ததைச் செய்வார்.

"அஞ்சு ஏரியும் பார்க்க முடியலன்னா?" என்று மட்டும் கேட்டேன்.

"எழுதியே தரேன்" என்றார். எழுதியே தந்தார். 'ஏழு நாளில் ஐந்து ஏரி. பார்த்தால் தோட்டம் போகும். பார்க்காவிட்டால் தோட்டம் மார்செலா சொன்னபடி.' கீழே கையெழுத்து. ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியவரும் அவரேதான்.

ஜூன் மாதம் போகலாம் என்றார். ஜூலை இருபத்து மூன்று உன் பெயர்நாள் ஆச்சே, அதை ஏரிக்கரையில் கொண்டாடினால் எப்படி இருக்கும் என்றேன். நெகிழ்ந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் வயது வந்தவர்களுக்குப் பிறந்தநாளெல்லாம் பெரிதில்லை. பெயர்நாள்தான். காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே இரண்டு மூன்று பெயர் அச்சடித்திருக்கும். உன் பெயர் வருகிற அன்று நீ யாரையும் கூப்பிட வேண்டாம். வந்துவிடுவார்கள். மேஜை போட்டு, வந்தவர்களுக்கு ஊற்ற வேண்டும். ஊற்றினதை வேண்டாம் என்று சொன்னால், சொன்னவன் அந்த வீட்டுப் படியை மறந்துவிடலாம்.

முதல் ஏரியில் எந்த முகாம் என்று பார்க்கும் வேலையை என்னிடம் விட்டார். போன் செய்து நிழல் உண்டா, டாக்டர் எவ்வளவு தூரம், பாம்பு உண்டா, பக்கத்தில் யார் யார் என்று விசாரித்தேன். பயந்தவள் விசாரிப்பாள் என்று முன்பே சொன்னேன்.

ஜூலை இருபத்திரண்டு கிளம்பினோம். அந்த வண்டியைப் பற்றி என்ன சொல்ல. ஒரு சமையலறை ரோட்டில் ஓடினால் எப்படி இருக்கும்? தட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு மடியில் ஊறுகாய் ஜாடியைப் பிடித்திருந்தேன். போலெக்கோ பழக்க தோஷத்தில் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் வேகத்தைக் குறைத்தார். ஒரு இடத்தில் நின்றேவிட்டார். ஒரு பெரியவர் ஏறப் பார்த்தார்.

முகாமில் எங்களுக்குப் பக்கத்து இடம் கிங்காவுடையது. சிலேசியாக்காரி, நல்ல ஆகிருதி. அவள் வண்டி பதினாலு வருடமாக அசையவில்லை. சக்கரத்தைச் சுற்றி ஜெரேனியம் பூத்திருந்தது. புதியவர்களை மரியாதைக்கு, பெண்ணானால் 'பானி', ஆணானால் 'பான்' சேர்த்துக் கூப்பிடுவது எங்கள் வழக்கம்.

"வாங்க வாங்க! பானி மார்செலாதானே? மே மாசம் போன் பண்ணி..."

கையில் இருந்த கசகசா கேக்கில் ஒரு துண்டை அவள் வாயில் வைத்தேன். "சாப்பிட்டுப் பாருங்க பானி கிங்கா, இனிப்பு போதுமா?"

போலெக் கவனிக்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் ஆப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வரைபடத்தை விரித்து, "மத்தியானம் ரெண்டாவது ஏரி" என்றார். நான் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், இன்றைக்கு எங்கள் வீட்டுக்காரருக்குப் பெயர்நாள் என்று கிங்காவிடம் சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? ஒரு மணி நேரத்தில் முகாமே வந்து நின்றது. சீஸ் கேக்கோடு கிங்கா, தொத்திறைச்சியோடு அவள் புருஷன் அவுரேலி, புட்டிகளோடு மற்றவர்கள்.

"அப்போலினரியா! நாப்பது வருஷமா காலண்டர்ல பேரைப் பார்க்கறேன், ஆளை இப்பத்தான் பார்க்கறேன்!" என்று அவுரேலி கட்டிக்கொண்டார். இருவரும் கையோடு கை கோத்து ஒரு கிளாஸ் குடித்தார்கள். இனி 'நீங்க' கிடையாது, 'நீ' மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

நான் குடிக்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரை.

இருபத்து நாலாம் தேதி காலை போலெக் சாவியோடு எழுந்தார். அவுரேலி சட்டைப் பையிலிருந்து, உடம்பில் போதை இருக்கிறதா என்று ஊதிப் பார்க்கிற மூச்சுக் கருவியை எடுத்தார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும்.

"ஊது."

ஊதினார். சிவப்பு விளக்கு எரிந்து கீச்சென்றது. டிராம்காரருக்கு அந்தச் சத்தம் பெரிய மரண அடி. லைசென்ஸ் போனால் வேலை போச்சு.

"சாயந்திரம் நாலு மணிக்குத் தெளிஞ்சுடும். அஞ்சுக்குக் கிளம்பிடலாம்" என்றார் போலெக்.

"அஞ்சுக்கு எங்க வீட்டுக்காரி பெயர்நாள் ஆச்சே" என்றார் அவுரேலி.

போலெக் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். கேம்பரின் கதவுக் கொக்கியில் மாட்டியிருந்தேன். இருபத்து நாலு: கிங்கா.

"அவ உனக்கு சீஸ் கேக் செஞ்சு எடுத்துட்டு வந்தா போலெக். அவ மேஜை போடற நேரத்துல நீ வண்டியை எடுத்தா நல்லாவா இருக்கும்?"

"ஒரு கிளாஸ்தான்" என்றார்.

ஒரு கிளாஸில் நிற்கவில்லை.

இருபத்தைந்து: கிறிஸ்டோஃப். அந்த முகாமில் மட்டும் மூன்று கிறிஸ்டோஃப். போதாததற்கு அந்தப் பெயருடைய புனிதர்தான் வாகனம் ஓட்டுபவர்களுக்குக் காவல். பாதிரியார் வந்து ஒவ்வொரு வண்டிக்கும் தீர்த்தம் தெளித்தார். எங்கள் வண்டியைப் பார்த்து, "ரொம்பப் பத்திரமா ஓட்டறீங்க போல, டயர்ல தூசியே இல்லையே" என்றார். போலெக் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இருபத்தாறு: அன்னா, கிராஜினா. அன்னாக்களை நான் எண்ணவில்லை. கிராஜினா முகாம் அலுவலகத்துக்காரி. அன்று போலெக் ஒரு தந்திரம் செய்தார். கிளாஸில் பழச்சாற்றை ஊற்றிக்கொண்டு நின்றார்.

"என்ன பான் அப்போலினரி, நூறு வயசு வாழ்கன்னு எனக்காகக் கிளாஸைத் தூக்க வேண்டாமா? சாறு அளவுக்குத்தான் ஆயுசா?" என்றாள் கிராஜினா. கண் கலங்கியிருந்தது. பாவம், அவரால் ஒரு பெண் அழுவதைத் தாங்க முடியாது.

"அப்பா, இங்க நெட் நல்லா வருது, அதனால எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்று லிலியானா ஆறுதல் சொன்னாள்.

இருபத்தேழாம் தேதி அவர் துணிந்துவிட்டார். மாலை நாலு மணிக்கு, அவுரேலி மேஜையில் விட்டிருந்த கருவியில் ஊதினார், பச்சை விளக்கு. யாரும் பார்க்காமல் மின்சாரக் கம்பியைக் கழற்றினார். ஆப்புகளை எடுத்தார். என்னையும் லிலியானாவையும் உள்ளே தள்ளினார். என் ஆறு செடியும் கண் முன்னால் வந்து நின்றன. இரண்டாவது ஏரி அரை மணி தூரம். அதற்குப் பின் ஒரு முழு நாள் இருக்கிறது, மூன்று ஏரி. முடியாதென்று சொல்ல முடியாது.

வண்டி வாசல் கம்பத்தைத் தாண்டவில்லை. அவுரேலி குறுக்கே ஓடி வந்தார். அன்று அவருடைய பெயர்நாள்.

"போலெக்! எனக்காகவா கிளம்பறே? ஐஸ் இல்லன்னு கிங்கா சொன்னாளா? இந்த மலையை நகர்த்திக்கிட்டு எனக்காக ஐஸ் வாங்கப் போறியா?" கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். அழுதார். "எங்கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செஞ்சதில்ல."

ஊர்க் கடைக்குப் போய் இரண்டு மூட்டை ஐஸ் வாங்கினோம். திரும்பி வந்து அதே இடத்தில் நிறுத்தினோம். எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் சுற்றுப்பயணம் மொத்தம் நாலு கிலோமீட்டர்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்கு உறுத்தும். அன்று மாலை போலெக் பாடினார். சீட்டில் மூன்று ஆட்டம் ஜெயித்தார். ஈரப் புல்லில் செருப்பில்லாமல் நடந்தார். இருபத்தாறு வருடத்தில் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. தோட்டத்தை நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

இருபத்தெட்டாம் தேதி காலை காலண்டர் முன்னால் நின்று அவரே படித்தார். "மார்செலா" என்றார்.

"என்ன?"

"கூப்பிடல. படிச்சேன்." முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம். "அப்போ இன்னைக்கு உன் மேஜை. நான் குடிக்காம இருந்தா ஊர் சிரிக்கும். குடிச்சா நாளைக்கு ஓட்ட முடியாது. பன்னெண்டு மணிக்குள்ள வண்டியைத் திருப்பிக் கொடுக்கணும். உன்கிட்டதானே லைசென்ஸ் இருக்கு? நீயே ஓட்டிடு."

என் லைசென்ஸ் பத்தொன்பது வருடமாக அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிறது. அந்தச் சமையலறையை நான் ஓட்டுவதா?

மாலையில் மேஜை போட்டேன். ஜாடிகளை வைத்தேன். என் தோட்டத்துத் திராட்சைப்பழத்தைக் காய்ச்சி எடுத்துவந்த பானகம், பன்னிரண்டு ஜாடி.

"வோட்கா எங்க?" என்றார் அவுரேலி.

"என் பெயர்நாள். நான் ஊத்தறதைத்தான் குடிக்கணும். வேண்டாம்னு யாராவது சொல்லப் போறீங்களா?"

யார் சொல்வார்கள்? முகாமே முகத்தைச் சுளித்துக்கொண்டு பானகம் குடித்தது. போலெக் நாலு கிளாஸ் குடித்தார். கிங்கா எனக்கு ஒரு சின்னப் பரிசைச் சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுத்தாள். பிரித்தால், அவுரேலியின் மூச்சுக் கருவி.

"எங்க வண்டிதான் நகர்றதே இல்லையே, எங்களுக்கு எதுக்கு? உனக்குத்தான் உதவும்" என்று கண் சிமிட்டினாள்.

மறுநாள் போலெக் பளிங்கு மாதிரித் தெளிவாக இருந்தார். ஒரு திருப்பமும் இல்லாமல் நேராக வீட்டுக்கு ஓட்டினார்.

சாமான்களை எடுத்து வைக்கும்போதுதான் காலண்டர் அவர் கையில் மாட்டியது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"மார்செலா, இருபத்து மூணுல இருந்து இருபத்தெட்டு வரைக்கும் பென்சில்ல வட்டம் போட்டிருக்கே. எப்பப் போட்டது?"

"மே மாசம்."

"மே மாசம் உனக்குக் கிங்கா யாருன்னே தெரியாதே."

"போன்ல விசாரிச்சேன். வருஷா வருஷம் யார் யார் வருவாங்கன்னு கேட்டேன். பக்கத்துல இருக்கறவங்க பேர்கூடத் தெரியாம எப்படித் தூங்கறது?"

நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சிரிப்பதா கத்துவதா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு விரலை நீட்டினார்.

"சரி. இந்த வருஷம் உன்னோடது. அடுத்த வருஷம் டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வரேன். ஒரு சொட்டு தொடமாட்டேன். அஞ்சு இல்ல, பத்து ஏரி."

செய்யக்கூடியவர்தான். அடுத்த வருடம் வரை பயந்துகொண்டே இருக்க முடியாது. மறுநாள் காலையிலேயே தோட்டச் சங்கத்துக்குப் போய், நிலத்தை மனைவி பெயருக்கு மாற்றும் விண்ணப்பத்தை வாங்கிவந்தேன். ஃபிரிட்ஜிலிருந்து அவர் எழுதின காகிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். தோட்டம் மார்செலா சொன்னபடி. இரண்டையும் மாறி மாறிப் படித்தார். பெருமூச்சு விட்டார். பேனாவைத் திறந்தார்.

"இரு" என்றேன்.

போதையில் போட்ட கையெழுத்து என்று நாளைக்கு யாராவது சொல்லிவிட்டால்? ரிப்பனை அவிழ்த்து, கிங்கா கொடுத்ததை அவர் வாய்க்கு நேராக நீட்டி, முதலில் ஊதச் சொன்னேன்.