பெறுநர்: பரலோகப் பிதா

எனக்குக் கடவுள் பக்தி நிறையவே உண்டு. கடவுளோடு பேசத்தான் வராது. இதை வெளியே சொல்ல இவ்வளவு நாள் கூச்சப்பட்டேன். இனிமேல் கூச்சப்பட்டுப் பயனில்லை. விஷயம் திருப்பத்தூர் வரைக்கும் போய்விட்டது.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில் முப்பது வீடு உள்ள ஒரு குக்கிராமம். நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பா கிறிஸ்தவரானார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் பி.ஏ. வரை போன முதல் ஆள் நான்தான். அதனால் கேட்காமலே எனக்கு ஓர் உத்தியோகம் வந்து சேர்ந்தது: மனு எழுதுவது. பட்டா, முதியோர் பென்ஷன், தண்ணீர்த் தொட்டி, எங்கள் ஊருக்கு இன்னும் வராத ரோடு, எல்லாவற்றுக்கும் நான்தான். திங்கட்கிழமை மனுநாளுக்குக் கலெக்டர் ஆபீஸ் போகிற பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர் யார் ஏறினாலும் அவர் சட்டைப்பையில் என் கையெழுத்து இருக்கும்.

ஜெபவீட்டில் நிலைமையே வேறு. "தம்பி, ஒரு வார்த்தை ஜெபிங்க" என்று பாஸ்டர் சொன்னால், "ஆண்டவரே" என்று தொடங்குவேன். பிறகு "ஆமென்" என்று முடித்துவிடுவேன். நடுவில் ஒன்றும் இருக்காது. (சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்க மட்டும் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.)

இந்த நிலையில்தான் என் தங்கை ராணிக்குத் திருப்பத்தூரிலிருந்து வரன் வந்தது. தையல் வேலைக்குப் போன இடத்தில் அவளும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே பார்த்துப் பேசிப் பிடித்துப்போயிருந்தது. (அப்பாவுக்கு இது இன்றுவரை தெரியாது. அவருக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.) மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நகை, சீர் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: "பொண்ணு ஜெபிக்கிற குடும்பத்துலேர்ந்து வரணும்."

எங்கள் பாஸ்டர் அன்பு மிகுதியில் அவர்களிடம், "பொண்ணோட அண்ணன் பெரிய ஜெபவீரர்" என்று சொல்லிவிட்டு, என்னிடம் வந்து, "தம்பி, ஒரு வாரம் இருக்குது. தனியா எங்கனா போய் வாய்விட்டு ஜெபிங்க. தைரியம் தானா வரும்" என்றார்.

போனேன். எங்கள் சாமைக் கொல்லை ஓரத்துப் பாறைமேல் நின்று, இரண்டு கையையும் தூக்கி, தினமும் அரை மணி நேரம் கத்தினேன். வார்த்தை வரவில்லை, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று சத்தம் மட்டும் மலை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. நான்காம் நாள் பக்கத்துக் கொல்லை காளியண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார்.

"தம்பி, நாளைலேர்ந்து எங்க கொல்லைப் பக்கமா நின்னு கத்துறியா? நாலு நாளா உங்க சாமையில ஒரு குருவி உக்காரல. அத்தினியும் எங்க கொல்லைக்கு வந்துடுச்சி."

"அண்ணா, நான் ஜெபம் பண்றேங்க."

"அதத்தான் சொல்றேன். அத எங்க கொல்லையில பண்ணு."

ஆக, ஒரு வாரப் பயிற்சியில் என் ஜெபத்துக்குக் கிடைத்த ஒரே பலன் அதுதான்.

நிச்சய நாளும் வந்தது. வேனில் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கையில் பைபிளோடு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் கணவர். தாலுகா ஆபீசில் உதவியாளராக இருந்து ரிடையர் ஆனவர், வாயே திறக்காதவர். அந்த நேரம் பார்த்து பாஸ்டரிடமிருந்து போன். பாதி மலையில் பைக் செயின் அறுந்துவிட்டதாம். "தம்பி, நீங்களே ஜெபிச்சி ஆரம்பிச்சிடுங்க."

ராணி என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்தாள். "ணா, இதுல நீ சொதப்புனா, இந்த வூட்லியே கிழவியாயி உனக்கு சோறு பொங்கிப் போட்டுக்கினு இருக்கப் போறேன். பாத்துக்க."

நடுவீட்டில் போய் நின்றேன். எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். உள்ளே கும்மிருட்டு. ஒரு வார்த்தை இல்லை. அந்த இருட்டில் எனக்குத் தெரிந்த ஒரே வெளிச்சம், வெள்ளைக் காகிதமும் அதன் இடது மூலையும்தான்.

"பெறுநர்" என்றேன். "மதிப்பிற்குரிய பரலோகப் பிதா அவர்கள், பரலோகம்."

யாரோ இருமினார்கள். வண்டி கிளம்பிவிட்டது; எனக்குப் பிரேக் பிடிக்கத் தெரியவில்லை.

"பொருள்: தங்கை திருமணம் நல்லபடியாக நடைபெற வேண்டுதல் தொடர்பாக. ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்."

"ஸ்தோத்திரம்!" என்றாள் என் அத்தை, பழக்க தோஷத்தில்.

"மேற்படி ராணி என்பவர் மனுதாரரின் உடன்பிறந்த தங்கை ஆவார். மனுதாரர் கல்லூரி செல்ல வேண்டி, மேற்படி ராணி எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு தையல் வேலைக்குச் சென்றார். மனுதாரர் இதற்கு இதுவரை நன்றி தெரிவிக்கவில்லை."

இது எந்த மனுவிலும் நான் எழுதாத வரி. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனுவை எப்படி அரைகுறையாக விடுவது?

"இது குறித்துப் பலமுறை முறையிட்டும், இதுநாள்வரை தங்கள் தரப்பில் எந்த நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை."

அப்பாவின் குரல் உரக்க வந்தது: "ஆமென்! டேய், அந்த ரோட்டையும் சேத்துக்கடா!"

"மேலும் எங்கள் கிராமத்துக்குத் தார்ச்சாலை அமைத்துத் தருமாறும்," சேர்த்தேன், சேர்த்தே விட்டேன். "ஆகவே ஐயா அவர்கள் நேரில் கள ஆய்வு செய்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: ரேஷன் கார்டு ஜெராக்ஸ். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, ஆமென்."

கண்ணைத் திறக்கவே இல்லை. வேன் கிளம்புகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது வேறு சத்தம். "ஹக்" என்று ஒரு விக்கல், அப்புறம் ஒரு குலுங்கல். கண்ணைத் திறந்தேன். வாயே திறக்காத மாப்பிள்ளையின் அப்பா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷம் மனு வாங்கிப் போட்டேன் தம்பி. இவ்ளோ சுத்தமா ஒருத்தரும் குடுக்கல. சீல் எடுத்தாரலியேன்னுதான் வருத்தமா கீது."

சம்மந்தியம்மா சிரிக்கவில்லை. ராணியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். "எட்டாவதோட நின்னது இவனுக்காகவாம்மா?" ராணி தலையை ஆட்டினாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நாப்பது வருஷமா ரெண்டு வேளை ஜெபிக்கிறேன். ஆண்டவர்கிட்ட ஒளிக்காம பேசணும்னு ஊருக்கெல்லாம் சொல்றேன். நீ பேசிட்ட. பொண்ணு எங்க வூட்டுக்கு வரட்டும். ஆனா தம்பி, கல்யாணத்தன்னைக்கி ஜெபத்த பாஸ்டரே பண்ணட்டும். இன்னா?"

"சரிங்க" என்றேன். ராணி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரித்து வந்ததா அழுது வந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது நான் தினமும் அப்படித்தான் ஜெபிக்கிறேன். பெறுநர், பொருள் எல்லாம் உண்டு. வார்த்தைக்குப் பஞ்சமில்லை, பயமும் இல்லை. "நடவடிக்கை எடுக்கப்படவில்லை" என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை போன் செய்தால் "மச்சான், மனு எண் இன்னா?" என்றுதான் ஆரம்பிப்பார். போன மாதம் ராணிக்குக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் செய்தது அவள் மாமனார்.

"தம்பி, மேற்படி மனு மேலிடத்துல ஏற்கப்பட்டது. பொண்ணு. மூணு கிலோ."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, போனை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"சம்மந்தி, சந்தோஷம். அந்த ரோடு இன்னாச்சி?"