மெஷின் தானாக எழுந்து என் மானத்தை வாங்கியது சம்பந்தமாக

கடத்தூர்,
வியாழன், மதியம்.

திரு. கதிரவன் அவர்களுக்கு,

கடத்தூர் ப. குப்புராஜ், தனியார் பஸ் கண்டக்டர் (ஓய்வு), எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் மனைவி மாதம்மாளும் சுகம். அவ்விடம் தாங்களும் என் மகள் சோபனாவும் சுகமாக இருப்பதை மாதம்மாள் தினமும் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பதால், நான் தனியாக விசாரிக்கவில்லை. இரண்டு வருடமாக நான் தங்களோடு பேசாததற்குக் காரணம் தங்களுக்கே தெரியும். என் பேச்சை மீறி ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்த தங்கள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. "அந்தக் கண்றாவிய இந்தக் கண்ணால பாக்கவே மாட்டேன்" என்று என் பெரியப்பா மகன் பெரியண்ணன் முன்னிலையில், சொந்தபந்தம் கூடியிருக்கச் சத்தியமும் செய்தேன். அதில் மாற்றம் எதுவும் இல்லை. இந்தக் கடிதம் மெஷின் சம்பந்தமாக மட்டுமே.

பொங்கலுக்குத் தாங்கள் மாதம்மாளுக்கு அனுப்பிய, டிவிக்குப் பின்னால் டிபன் பாக்ஸ் அளவில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கம்ப்யூட்டரை ஆரம்பத்தில் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஒரே கூடத்தில் இருக்கும் பொருளை எத்தனை நாள் பார்க்காமல் இருப்பது? சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். கால் மணி நேரம் யாரும் தொடாவிட்டால் அதுவே தூங்கப் போகிறது. அப்போதும் தொப்பென்று விழுந்துவிடாமல், படம் எந்த இடத்தில் நின்றது என்று குறித்துக்கொண்டு, படம் காட்டும் சாஃப்ட்வேரை ஒழுங்காக மூடிவிட்டு, அப்புறம்தான் படுக்கிறது. மவுசைத் தொட்டால் எழுகிறது. எழுந்ததும் பத்து விநாடி சும்மா நிற்கிறது. டிவி கண் விழிக்க அவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் படத்தைத் திறந்தால் சத்தம் வராது என்று தாங்கள் போனில் மாதம்மாளுக்கு விளக்கியபோது, நான் பக்கத்து அறையில் தற்செயலாகக் கதவோரம் காதை வைத்து நின்றிருந்தேன். பிறகு அதுவே சாஃப்ட்வேரைத் திறந்து விட்ட இடத்திலிருந்து ஓட்டுகிறது. மாதம்மாளுக்குப் பட்டன் தேடத் தெரியாது என்பதற்காகவே இப்படி எழுதி வைத்தீர்களாம். அரூர் சேலம் ரூட்டில் முப்பத்தோரு வருடம் விசில் ஊதியவன் நான். டீக்கு நிறுத்தினால் யார் யார் இறங்கினார்கள் என்று மனதில் வைத்துக்கொண்டு, கடைசி ஆள் படியில் கால் வைக்கும்வரை ரைட் கொடுக்காமல் நிற்கிறவன்தான் கண்டக்டர். அந்தப் பக்குவம் தங்கள் புரோகிராமில் இருக்கிறது. இதை எழுதினவன் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று அன்றைக்கே நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது குறைக்கு வருகிறேன். அந்த மெஷினில் பழைய படங்களோடு தங்கள் கல்யாண வீடியோவும் இருக்கிறது. அது எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி இங்கே வேண்டாம். மாதம்மாள் மகளிர் குழுவுக்குப் போகிற மத்தியானங்களில் மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று யாராவது பரிசோதிக்க வேண்டுமில்லையா? பரிசோதனை முடிந்ததும் அவள் பார்க்கிற படத்தை ஐந்து நிமிடம் ஓட்டி வைத்துவிடுவேன், அவள் வந்து தொட்டால் அதுதான் வரும். போன செவ்வாய்க்கிழமை அதற்கு நேரமில்லாமல் போச்சு. அவள் வந்து அடுப்படிக்குள் நுழைய, பின்னாலேயே சொல்லாமல் கொள்ளாமல் பெரியண்ணன், பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்து நிற்கிறார். கீபோர்டில் நிலா படம் போட்ட, மெஷினைத் தூங்க வைக்கிற பட்டனை அமுக்கினேன், டிவி இருண்டது. எங்கள் சர்வீசில் வண்டி ஆஃப் என்றால் ஆஃப்தான். பத்திரிகைத் தட்டைப் புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்து நின்றுதானே வாங்க வேண்டும்? மாதம்மாள் வருகிறவரைக்கும் தட்டைத் தரையில் வைக்கக்கூடாது என்று பெரியண்ணன் டீப்பாயில் வைத்தார். வைக்கும்போது அங்கிருந்த மவுசைத் தட்டாலேயே ஒதுக்கினார். நான் கவனிக்கவில்லை. மாதம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள், அவர் தட்டை எடுத்து நீட்டினார், நாங்கள் இருவரும் குனிந்து கையை வைத்தோம். சரியாகப் பத்து விநாடி. டிவி எழுந்துவிட்டது. என் இரண்டு கையும் தட்டில். சோபனா கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை வைத்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிற இடம். நான் எப்போதும் அங்கேதான் நிறுத்துவேன். அதற்கு மேல் என்னால் பார்க்க முடிவதில்லை.

"என்னா குப்புராஜு இது?" என்றார் பெரியண்ணன்.

"தெர்லண்ணா. மெசின் தானாப் போட்டுச்சு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய் ஓரத்தில் இருந்ததைப் படித்தார். 'திறந்தது: 41 முறை' என்று தாங்கள் காட்டச் சொல்லியிருக்கிறீர்களே, அதை.

"தானாப் போட்டுச்சு, செரி. நாப்பத்தோரு தடவயுமா தானாப் போட்டுச்சு?"

"எனக்கு ஆடி மாசத்துலருந்தே தெரியுங்க மாமா," என்றாள் மாதம்மாள். "வாயத் தொறந்தா அதையும் நிறுத்திப்புடுவாருன்னுதான் கேக்கல."

எனக்குப் பூமி பிளந்தால் தேவலாம் என்று இருந்தது. அவர் ஊர் பூரா சொல்லிச் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஒன் சத்தியத்துக்காக நானும் போவாம வூட்லயே கெடந்தேன். முழுசா ஓடட்டும், வுடு" என்றார். ஓடியது. நாற்பத்தோரு தடவையில் நான் பார்க்காததை அன்றைக்குப் பார்த்தேன். தங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலியில் துண்டு விரித்திருக்கிறது. வீடியோ எடுக்கிறவன் அங்கே உட்கார, அதை எடுக்கக் கையை நீட்டுகிறான். "அத எடுக்காதீங்க, மாமா வந்தாலும் வருவாரு" என்கிறீர்கள். பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுகிறவர்களோடு முப்பத்தோரு வருடம் சண்டை போட்டவன் நான். அந்தத் துண்டை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெரியண்ணன் போகும்போது, "பொண்ணு எளச்சிட்டா, குப்புராஜு" என்றார்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து, மெஷின் எழும்போது விட்ட இடத்திலிருந்து ஓட்டாமல் முதல் பக்கத்தில் நிற்கும்படியும், எத்தனை முறை என்பதைக் காட்டாதபடியும் மாற்றித் தரவும். வரும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு அரூரில் முக்கியமான வேலை இருக்கிறது. காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். அந்த நேரத்தில் வந்து வேலையை முடித்து, மாதம்மாள் போடுவதைச் சாப்பிட்டு, நான் வருவதற்குள் கிளம்பிவிடலாம். இருவருக்கும் ஒரு சங்கடமும் இருக்காது.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம். சோபனாவுக்கு என் ஆசி. அவளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். தாங்களும் கையில் எடுத்த காரியமெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும்.

இங்ஙனம்,
ப. குப்புராஜ்

பி.கு: மாப்பிள்ளை, அரூரில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வூட்லதான் இருப்பேன். சோபனாவையும் கூட்டிக்கிட்டு முதல் பஸ்ஸுக்கே வாங்க. மெஷின்ல எதையும் தொட வேண்டாம், அது பாட்டுக்கு ஓடட்டும். கறி எடுக்கப் போறேன், நீங்க காரம் சாப்பிடுவீங்களான்னு எனக்குத் தெரியல. அத மட்டும் போன் பண்ணிச் சொல்லுங்க. போனை நான்தான் எடுப்பேன்.