ஏற்றத்தில் தெரிந்த ஆள்

"அது நம்ம ஊர் தோல்காரன் சப்தி" என்றான் யாக்கீம், எருசலேமுக்குப் போகும் மலைப்பாதை ஏற்றத்தின் உச்சியில் எறும்பு போலத் தெரிந்த உருவத்தைக் காட்டி.

"உங்க கண்ணு மாமா, உங்க கண்ணு" என்றான் மைத்துனன் ஏத்தான். "சப்தி இதுல பாதி இருப்பான்."

"தோல் பதனிடுற நாத்தம் இங்கேயே வருது. அவன் சப்தி இல்லேன்னா நான் முப்பது நாள் நசரேய விரதம்டா."

"சப்தியா இருந்தா நான் விரதம். சத்தியம்."

உருவம் இவர்களை நோக்கி நாலு எட்டு வைத்தது. நின்றது. பிறகு சட்டென்று திரும்பி நகர வாசலுக்குள் மறைந்துவிட்டது.

யாக்கீமின் மனைவி மில்காள் பின்னால் கழுதையோடு வந்துகொண்டிருந்தாள். "பண்டிகை முடிஞ்ச பத்தாம் நாள் சின்னவளுக்குக் கல்யாணம். விரதம்னா திராட்சை ரசம் ஒரு சொட்டு ஆகாது."

"யாருக்கு?"

"அது தெரிஞ்சாத்தானே."

எருசலேம் முழுக்கக் கூடாரப் பண்டிகைக் கூட்டம். வாசலில் தண்ணீர் விற்றவனிடம், "தோல்காரன் ஒருத்தன் உள்ளே போனானா?" என்று கேட்டான் யாக்கீம்.

"காலையிலேர்ந்து உலகமே உள்ளே போகுது. ஒவ்வொருத்தரையா நான் மோந்து பார்க்கல."

சீலோவாம் குளத்துப் படியில் சப்தியின் முதுகு தெரிந்தது. யாக்கீம் பாய்ந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். திரும்பியது ஓர் ஆசாரியர். அப்போதுதான் மூழ்கிச் சுத்தமாகி ஆலயத்துக்குக் கிளம்பியவர்.

"நீ எதையெல்லாம் தொட்டுட்டு வந்தியோ" என்று முனகிக்கொண்டே மறுபடி குளத்தில் இறங்கினார். கரையே சிரித்தது. ஏத்தான் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தான்.

ஆலயப் படிக்கட்டில் வேதச் சட்டம் சொல்லும் வேதபாரகர் ஒருவர் இவர்கள் பந்தயத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு விரதம் நிச்சயம். யாருக்குன்னு அந்த ஆளைப் பிடிச்சாத்தான் தெரியும்."

குளத்து அவமானம் யாக்கீமுக்கு இன்னும் ஆறவில்லை. "சாயங்கால எக்காளத்துக்குள்ள அவனை இங்கே நிறுத்தறேன். முடியலேன்னா ரெண்டு பேருக்குமே விரதம். என்ன மச்சான், பயமா?"

"எனக்கென்ன பயம்? அதுக்கும் சத்தியம்."

வேதபாரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். மில்காள் குருத்தோலை வாங்கச் சந்தைக்குப் போனாள்.

இருவரும் குயவர் தெருவை அலசினார்கள். ஆட்டு வாசலில் அத்தனை பேரையும் தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவன் அறைந்தே விட்டான். அந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டு ஏத்தான் நிற்கும்போது ஆலயத்திலிருந்து எக்காளம் ஊதியது.

படிக்கட்டுக்குத் திரும்பி இருவரும் உட்கார்ந்தார்கள். புதுத் திராட்சை ரசம் நிரம்பிய தோல் துருத்தியைச் சுமந்துகொண்டு ஒருவன் போனான். இரண்டு தலைகளும் அவன் கூடவே திரும்பின.

"வாசனை பிடிக்கலாமாய்யா?" என்றான் யாக்கீம்.

வேதபாரகர் பதில் சொல்லுமுன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு சப்தி வந்து நின்றான். "சமாதானம் அண்ணே."

யாக்கீம் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தான். "காலையில ஏற்றத்துல நின்னது நீதானே?"

"நான்தான்."

"அப்புறம் ஏண்டா திரும்பிப் போன?"

"மில்காள் அக்காதான் உங்க முதுகுக்குப் பின்னால நின்னு 'போ, போ'ன்னு கையாட்டுனாங்க" என்றான் சப்தி. "அப்புறம் சந்தையில பார்த்து, 'எக்காளம் ஊதுற வரைக்கும் எங்கேயாவது ஒளிஞ்சுக்கோ, பெரியவ கல்யாணத்துல இவங்க ரெண்டு பேரும் குடிச்சுட்டு ஆடுன ஆட்டமே போதும்'னாங்க."